தொட்டால் மறையும் கோளாறு

காலை ஐந்தே முக்கால். மார்கழி மாதம். கோவையில் அந்த நேரத்துக்கு, வெளியில் நிற்கும் காரின் கண்ணாடி முழுக்கப் பனி பூத்திருக்கும். அதைத் துடைக்காமல், கதவை மெல்லத் திறந்து, சீட்டில் உட்கார்ந்தேன். டேஷ்போர்டின் மேல் மூன்று மல்டிமீட்டர்கள் ரப்பர் பேண்டால் ஒரு அட்டையில் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து கறுப்பும் சிவப்புமாக இறங்கிய ஒயர்கள் பக்கத்து சீட்டுக்கு அடியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குப் போயின. ஒன்று மட்டும் கதவிடுக்கு வழியாக வெளியேறி, பானெட்டுக்குள் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் முடிந்தது. அட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச்.

"ஆம்ப்பத் தொடாதீங்க தம்பி. மீட்டர் மூணையும் ஆன் பண்ணுங்க, சாவியப் போடுங்க, செட்ட ஆன் பண்ணுங்க. ஆம்ப்ல லைட் எரியலைன்னா போன்ல ஒரு போட்டோ. அப்புறம் அந்த சுவிட்சப் போட்டுட்டு இன்னொரு போட்டோ. அவ்வளவுதானுங்க." முந்தின நாள் சாயங்காலம், ஆம்ப் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் சொல்லி அனுப்பியது இது.

சாவியைத் திருப்பினேன். செட்டில் வெளிச்சம் வந்தது. குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தேன். ஆம்ப்பின் நீல விளக்கு எரியவில்லை. மூன்று மாதமாக என்னோடு கண்ணாமூச்சி ஆடிய கோளாறு, முதல்முறையாக, அளக்கும் கருவிகளுக்கு முன்னால் உயிரோடு நின்றது. அந்தக் குளிரில் எனக்கு வந்த மகிழ்ச்சியை, நல்ல ஆலாபனையில் பாடகர் எதிர்பார்த்த ஸ்வரத்தில் வந்து நிற்கும்போது சபையில் எழும் 'ஆகா'வோடுதான் ஒப்பிடத் தோன்றுகிறது.

செத்துப்போன ஆம்ப்பைச் சரிசெய்வது கடினம் என்றாலும் நேர்மையான வேலை. மேசையில் வைத்தால் அது செத்தபடியே இருக்கும். எப்போது சோதித்தாலும் ஒரே பதிலைச் சொல்லும். வந்து வந்து போகும் ஆம்ப் அப்படியில்லை. வீட்டில் எரியாது, கடைக்குக் கொண்டுபோனால் எரியும். மூடியைத் திறந்தால் பாடும், மூடித் திருகினால் அடங்கிவிடும். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்ற பழமொழியின் முழு அர்த்தத்தையும் உணர்ந்தவர்கள் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் கைதேர்ந்தவர் யார் என்பதை இந்த வகைக் கோளாறுதான் காட்டிக்கொடுக்கிறது.

அண்ணனின் கடை காந்திபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. அவர் இந்த வேலையைக் கற்றது கார்களில் இல்லை, ஆட்டோக்களில். தேர்தலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றும் ஆட்டோக்களில் பேட்டரியில் ஓடும் ஆம்ப் ஒன்று இருக்கும். பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் அது பாதிப் பேச்சில் நின்றுவிடும். அந்த ஆம்ப்களை இருபது வருடம் பார்த்தவருக்கு, அதிர்வு என்பது என்ன செய்யும் என்று கையிலேயே தெரியும். நான் போனபோது அவர் ஸ்குரூ டிரைவரை எடுக்கவில்லை. டீ சொன்னார். பிறகு கேட்க ஆரம்பித்தார்.

விளக்கே எரியாமல் போகிறதா, எரிந்துகொண்டே பாட்டு நிற்கிறதா? சிவப்பு விளக்கு வருகிறதா? சத்தம் குறைவாக இருக்கும்போதா, பேஸ் பலமாக அடிக்கும்போதா? காலையிலா, வெயிலிலா? பள்ளத்தில் குதித்தால் போகிறதா, போனது வருகிறதா? கடைசியாக யார் தொட்டார்கள், தொட்ட பிறகு எத்தனை நாள் ஓடியது?

இந்தக் கேள்விகளை நான் இப்போது திரும்ப எண்ணிப் பார்க்கும்போது, ஒவ்வொன்றும் ஒரு கதவைச் சாத்திக்கொண்டே போனது தெரிகிறது. சிவப்பு விளக்கு எரிந்தால் ஆம்ப்புக்கு மின்சாரம் வந்துவிட்டது, ஏதோ ஆபத்தைக் கண்டு தானே தன்னை நிறுத்திக்கொண்டது என்று அர்த்தம். அப்போது ஸ்பீக்கர் ஒயரைப் பார்க்க வேண்டும். கதவுக்குள் போகும் ஒயர் கீல் பக்கத்தில் நசுங்கி, தோல் உரிந்து பாடியைத் தொடும் வண்டிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். கதவு திறந்திருந்தால் பாடும், சாத்தினால் சிவப்பு. பேஸ் அடிக்கும்போது மட்டும் அணைந்தால் பவர் ஒயரையும் எர்த்தையும் சந்தேகிக்க வேண்டும். விளக்கே எரியாமல், சத்தம் எவ்வளவு என்பதோடு சம்பந்தமில்லாமல், காலையில் மட்டும் செத்துக் கிடந்தால் கதை வேறு.

என் வண்டியின் கதை இது: காலையில் விளக்கு எரியாது. ஏதாவது வேகத்தடையில் ஏறி இறங்கினால் சில நாள் 'தப்' என்று ஒரு சத்தத்தோடு உயிர் வரும். வெயில் ஏறிய பிறகு எப்போதும் வரும். இரண்டு கடைகளில் காட்டினேன். ஒரு இடத்தில் ஃபியூஸ் மாற்றினார்கள். பத்து நாள் நன்றாக ஓடியது. இன்னொரு இடத்தில் ஆம்ப்பையே கழற்றி, மேசையில் பாட வைத்துக் காட்டி, "ஒண்ணுமில்ல சார்" என்று திரும்ப மாட்டினார்கள். இரண்டு வாரம் ஓடியது. மூன்றாவது முறை "ஆம்ப் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார்கள்.

அண்ணன் அந்தப் பத்து நாளையும் இரண்டு வாரத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அப்போது எனக்கு ஏன் என்று புரியவில்லை.

இந்த இடத்தில் ஆம்ப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன் உள்ளே நடப்பது அழகான காரியம். கார் பேட்டரி கொடுப்பது 12 வோல்ட்தான். நிறைந்த பேட்டரியில் 12.6, இஞ்சின் ஓடும்போது 14 பக்கம். 12 வோல்ட்டை நேராக வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கரில் எவ்வளவுதான் முயன்றாலும் ஒரு சேனலுக்குச் சுமார் 18 வாட்டுக்கு மேல் சுத்தமாகக் கொடுக்க முடியாது. செட்டின் முகப்பில் 50 வாட் என்று எழுதியிருந்தாலும் கணக்கு இதுதான். அதனால் ஆம்ப் முதலில் தனக்கென்று ஒரு பெரிய வோல்டேஜைத் தயாரித்துக்கொள்கிறது. 12 வோல்ட்டை மாஸ்ஃபெட்கள் நொடிக்குப் பல பத்தாயிரம் தடவை வெட்டி வெட்டி, வளையத்தில் செம்புக் கம்பி சுற்றிய ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் தள்ளுகின்றன. மறுபக்கம் கூட்டல் 30, கழித்தல் 30 என்று வெளியே வரும். அதை வைத்துக்கொண்டால் அதே 4 ஓம் ஸ்பீக்கரில் நூறு வாட்டைத் தாண்டலாம்.

வால்வு காலத்துக் கார் ரேடியோக்களிலும் இதே தேவை இருந்தது. அன்று மாஸ்ஃபெட் இல்லை; வைப்ரேட்டர் என்ற சின்ன டப்பாவுக்குள் ஒரு தகடு துடித்துத் துடித்து மின்சாரத்தை வெட்டும். ரேடியோவை ஆன் செய்தால் பாட்டுக்கு முன்னால் அந்த ரீங்காரம் வருமாம். இன்று வெட்டும் வேகம் காதின் எல்லையைத் தாண்டிப் போய்விட்டதால் நமக்குக் கேட்பதில்லை.

இந்த வெட்டுதலுக்குத் தாளம் போடுவது ஒரு சின்ன ஐ.சி. நிறைய ஆம்ப்களில் டி.எல். 494 என்ற பதினாறு கால் சிப்தான் இருக்கும். அதன் 12ஆம் காலில் பேட்டரி வோல்டேஜ் வந்தால் 14ஆம் காலில் சரியாக 5 வோல்ட்டை உண்டாக்கி, 'விழித்துவிட்டேன்' என்று சொல்லும். அதை எழுப்புவது ரிமோட் ஒயர். பழைய கார்களில் ரேடியோவைப் போட்டதும் மோட்டார் ஏரியல் தானாக உயரும். அந்த மோட்டாருக்குச் செய்தி சொல்லப் போன நீல ஒயரின் வாரிசு இது. செட்டுக்குப் பின்னாலிருந்து நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டுவரும். செட் ஆன் ஆனால் அதில் 12 வோல்ட் வரும்; ஆம்ப்புக்குள் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் அதைப் பார்த்து சிப்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். தடிமனான பவர் ஒயரில் 30 ஆம்பியர் ஓடலாம். ஆனால் அத்தனையையும் எழுப்புவதும் தூங்கவைப்பதும் தலைமுடி போன்ற இந்த ஒயரில் ஓடும் சில மில்லி ஆம்பியர்.

ஆக, ஆம்ப் எரியாமல் போக வெளியே மூன்று வழிகள்: பேட்டரியிலிருந்து வரும் பாசிட்டிவ், பாடிக்குப் போகும் எர்த், ரிமோட். நாலாவது, உள்ளே. எல்லோரும் முதலில் மீட்டரை வைப்பது இந்த மூன்றில்தான். 12 வோல்ட் காட்டியதும் 'சப்ளை சரி' என்று முடிவு கட்டிவிடுவார்கள். அண்ணன் மறுப்பது இதைத்தான்.

"மீட்டர் பொய் சொல்லாதுங்க. ஆனா நாம கேட்டதுக்கு மட்டுந்தான் பதில் சொல்லும்."

டிஜிட்டல் மீட்டர் தன் வழியாக ஓடவிடும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இருபது இழையில் பத்தொன்பது அறுந்து, ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயரிலும் அது 12 வோல்ட் காட்டும். அந்த ஒயரில் ஆம்ப் 30 ஆம்பியர் கேட்கும்போதுதான் உண்மை தெரியும். எர்த் இணைப்பில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். மெல்லிய பாட்டில் 2 ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.2 வோல்ட், யாருக்கும் தெரியாது. பேஸ் விழும்போது 30 ஆம்பியர் ஓடினால் 3 வோல்ட் அங்கேயே போய்விடும். 12 ஒன்பதாகும், ஆம்ப் அணையும். அணைந்ததும் கரண்ட் நிற்கும்; கரண்ட் நின்றதும் வோல்ட் திரும்பி வரும்; ஆம்ப் மறுபடி எரியும். பெயின்டைச் சுரண்டாமல் பாடியில் திருகிய ஒரு எர்த் போல்ட், இப்படி ஒரு ஆம்ப்பை இதயத் துடிப்பு மாதிரி எரிந்து அணைய வைப்பதை அவர் கடையில் நானே பார்த்திருக்கிறேன். அந்த வண்டிக்கு அவர் கையில் எடுத்தது மீட்டர் இல்லை, கை. பத்து நிமிடம் சத்தமாகப் பாடவிட்டு, பேட்டரி முனை, ஃபியூஸ் பெட்டி, எர்த் போல்ட் என்று ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்த்தார். 30 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.02 ஓம் இருந்தாலே 18 வாட் சூடு; ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவு. கெட்ட இணைப்பு தன்னைத் தானே சுட்டுக்கொள்ளும். ஃபியூஸ் பெட்டியின் ஒரு முனையில் பிளாஸ்டிக் லேசாக மஞ்சளாகிச் சுருங்கியிருந்தால், அதை முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார்.

விலை குறைந்த ஒயர்களைப் பற்றி அவருக்குக் கோபம் உண்டு. மேலே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். புதிதில் வேலை செய்யும். ஒரு வருடத்தில் திருகுக்கு அடியில் அலுமினியம் நசுங்கி இறங்கிப் பிடி தளரும். அதன் மேல் ஆக்சைடு படியும். பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். "வெள்ளையாத் தெரிஞ்சா கிலோவுக்குப் போடுங்க, கார்ல போடாதீங்க" என்பார். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. 30 ஆம்பியர் ஓடும் வழியில் காசு மிச்சம் பிடிப்பது தீயோடு விளையாடுவது.

இப்போது என் டேஷ்போர்டுக்கு வருகிறேன். அண்ணன் எல்லாவற்றையும் மாலையிலேயே மாட்டி அனுப்பியதன் நுட்பம் இரண்டு.

ஒன்று, தொடாமல் இருப்பது. வந்து போகும் கோளாறு பெரும்பாலும் ஒரு இணைப்பில் இருக்கும். மீட்டர் முனையை வைத்து அழுத்தினால் இணைப்பு நகர்ந்துவிடும். கனெக்டரைக் கழற்றி மாட்டினால் அதன் பல்லில் இருந்த களிம்பு உரசிப்போய் இரண்டு மாதத்துக்கு நன்றாக இருக்கும். கோளாறு குணமானதாகத் தோன்றும். உண்மையில் அது எங்கே இருந்தது என்ற ஒரே தடயம் அழிந்திருக்கும். அதனால் வேட்டைக்காரன் வலையை முதல்நாள் விரித்துவைத்துவிட்டு விலகி நிற்பதுபோல், அளவு எடுக்கும் முனைகளையெல்லாம் முன்கூட்டியே கிளிப்பால் பிடித்து, நீண்ட ஒயரில் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார். காலையில் அணைந்து கிடக்கும் ஆம்ப்பின் பக்கம் யாரும் போக வேண்டியதில்லை.

இரண்டாவதுதான் என்னைக் கட்டிப்போட்டது. அணைந்த ஆம்ப்பில் கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடாத ஒயரில் குறை தெரியாது என்று இப்போதுதானே பார்த்தோம்? அப்படியானால் காலையில் மூன்று மீட்டரும் நல்லதைத்தான் காட்டும். அதை நம்ப முடியாது. இதற்குத்தான் அந்தச் சின்ன சுவிட்ச். ஆம்ப்பின் பவர், எர்த் முனைகளுக்கு நடுவே 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டி, அதை அந்த சுவிட்சில் இணைத்திருந்தார். ஆம்ப் தூங்கினாலும் பல்பு அதே ஒயர்களிலிருந்து 5 ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் கேட்கும். ரிமோட்டுக்கும் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் மாட்டியிருந்தார். 12 மில்லி ஆம்பியராவது அதிலும் ஓடட்டும் என்று. தூங்குகிறவனின் வேலையை இன்னொருவனைச் செய்யவைத்து, பாதையைச் சோதிக்கிற ஏற்பாடு. இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஓம் விதியை மட்டும் கடைசிவரை நம்பினால் வந்து சேரும் இடம் இது.

நான் எடுத்த முதல் போட்டோவில்: ஆம்ப் முனையில் 12.5, ரிமோட்டில் 11.9, ஆம்ப்பின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே 0.00. சுவிட்சைப் போட்டேன். சீட்டுக்கு அடியிலிருந்து பல்பின் வெள்ளை வெளிச்சம் கால் மிதியில் கொட்டியது. இரண்டாவது போட்டோவில்: 12.3, 11.8, 0.02. ஆம்ப்பின் நீல விளக்கு அப்போதும் எரியவில்லை.

போட்டோ போன ஐந்தாவது நிமிடம் போன் வந்தது. "வயரிங் சுத்தமுங்க. வெளிய குத்தமில்ல. வண்டியக் கொண்டாங்க, உள்ள பாத்துக்கலாம்."

ஒரு காலைப் பொழுதில், ஒரு திருகைக்கூடத் தளர்த்தாமல், கோளாறு இருக்கக்கூடிய நான்கு இடங்களில் மூன்றை அவர் அடைத்துவிட்டார். நான் பார்த்த நல்ல மருத்துவர்களிடம் இருக்கும் அதே அடக்கம் இது. கத்தியை எடுக்கும் முன், எங்கே எடுக்கக்கூடாது என்று தெரிந்துகொள்வது.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஆம்ப் அழகாக எரிந்தது. இனி அதை மேசையில் வைத்து, மறுபடி சாகடிக்க வேண்டும். ஆம்ப்பின் மூடியைக் கழற்றி, பேட்டரிக்கும் ஆம்ப்புக்கும் நடுவே இன்னொரு ஹெட்லைட் பல்பைத் தொடராக மாட்டினார். உள்ளே எங்காவது ஷார்ட் ஆனால் மாஸ்ஃபெட் வெடிப்பதற்குப் பதில் பல்பு எரியும். பிறகு சிப்பின் 12ஆம் காலில் மெல்லிய ஒயர் ஒன்றைப் பற்றவைத்து மீட்டரில் கோத்தார். ஆம்ப் அணையும் கணத்தில் அங்கே வோல்ட் இருந்தால் குற்றம் சிப்பிலும் அதற்குப் பின்னாலும். இல்லாவிட்டால் ரிமோட்டிலிருந்து சிப் வரைக்கும் உள்ள ஐந்தாறு உருப்படிகளில்.

காலைக் குளிர் எங்கே கிடைக்கும்? மருந்துக்கடை ஸ்பிரிட்டை ஒரு சிரிஞ்சில் எடுத்தார். சால்டரிங் அயர்னை அணைத்துத் தூர வைத்தார், ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும் பொருள் அல்லவா. ஒரு உருப்படியின் மேல் ஒரு சொட்டு; மெல்ல ஊதினால் ஸ்பிரிட் ஆவியாகும்போது அந்த இடம் மட்டும் குளிரும். விரல் படவில்லை, கருவி படவில்லை. சிப்பின் மேல் ஒரு சொட்டு. நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்துச் சின்ன கன்டென்சர்கள். எரிந்தது. கன்டென்சர் காய்ந்துபோனாலும் குளிரில் இப்படித் தகராறு செய்யும் என்பதால் அங்கே நின்று மூன்று சொட்டு விட்டுக் காத்திருந்தார். டிரான்சிஸ்டர். எரிந்தது. ஓரத்தில், ஒயர்களைத் திருகும் டெர்மினலின் அடியில், ரிமோட் கால் போர்டுக்குள் இறங்கும் இடம். ஒரு சொட்டு, ஒரு ஊது.

விளக்கு அணைந்தது. 12ஆம் காலில் பூஜ்யம்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. போர்டை மெல்லத் திருப்பிச் சாய்த்து வைத்தார், அணைந்தபடியே இருந்தது. இப்போதுதான் முனைகளை எடுத்தார், ஊசி போலத் தீட்டிய முனைகள். டெர்மினல் காலின் நுனியில் ஒன்று: 11.8 வோல்ட். அதே காலைச் சுற்றியிருக்கும் ஈயத்தின் வெளி ஓரத்தில், செம்பு டிராக்கில்: பூஜ்யம். இரண்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இருக்காது. வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸை என்னிடம் கொடுத்தார். பளபளக்கும் ஈயக் குவியலுக்கு நடுவில், காலைச் சுற்றி, பென்சிலால் போட்டது போல ஒரு சாம்பல் நிற வளையம். மூன்று மாதக் கண்ணாமூச்சியும் அந்த வளையத்துக்குள்ளேதான் நடந்திருக்கிறது.

சிறுவயதில் அம்மா சந்தையில் மண்சட்டி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். சட்டியை உள்ளங்கையில் ஏந்தி, விரல் கணுவால் சுற்றிச் சுற்றித் தட்டுவார். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் 'டங்' என்று வர வேண்டிய இடத்தில் 'டொக்' என்று வரும். அண்ணன் அடுத்து செய்தது அதையேதான். காய்ந்த மூங்கில் குச்சியின் நுனியால் போர்டைச் சுற்றிலும் லேசாகத் தட்டினார். மற்ற இடங்களில் எதுவும் நடக்கவில்லை. டெர்மினலுக்கு அருகே தட்டியபோது விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. குளிரும் அதிர்வும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. ஒரு சாட்சி போதாது என்பது அவர் பழக்கம்.

இப்படி ஒரு விரிசல் எப்படி வருகிறது? கால் ஒரு உலோகம், டிராக் செம்பு, போர்டு கண்ணாடி இழை. மூன்றும் சூட்டில் வெவ்வேறு அளவு விரியும், குளிரில் வெவ்வேறு அளவு சுருங்கும். நடுவில் மாட்டிக்கொண்ட ஈயம்தான் தினமும் இரண்டு பக்கமும் இழுபடும். டெர்மினலில் கூடுதலாக இன்னொன்று: ஒயரை மாட்டும்போது ஸ்குரூ டிரைவரின் முறுக்கு முழுவதும் அந்தக் காலில்தான் இறங்கும். எனக்கு மாட்டியவர் நன்றாக இறுக்குகிறேன் என்று ஒரு சுற்று அதிகம் திருகியிருக்கிறார். அதன் மேல் ஒயரின் கனம் வேறு தொங்கியபடி வண்டியோடு ஆடிக்கொண்டிருந்தது.

அந்தப் பத்து நாளும் இரண்டு வாரமும் இப்போதுதான் விளங்கின. ஃபியூஸ் மாற்றியவர் 'எதற்கும் இருக்கட்டும்' என்று டெர்மினல் திருகுகளையும் ஒரு தடவை இறுக்கியிருப்பார். ஆம்ப்பைக் கழற்றி மாட்டியவர் கட்டாயம் திருகியிருப்பார். ஒவ்வொரு திருகலும் உடைந்த காலை ஈயத்தோடு அழுத்திச் சேர்த்துவைத்தது. சில நாள் அதிர்வில் மறுபடி விலகியது. நோட்டில் எழுதிய அந்த இரண்டு வரியிலேயே அண்ணனுக்குப் பாதி தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கேட்டதற்கு, "சந்தேகம் இருந்துச்சுங்க. சந்தேகத்த வச்சு சால்டர் வைக்கக் கூடாதுல்ல" என்றார்.

பற்றவைத்த விதத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பெரும்பாலான இடங்களில் விரிசலின் மேல் கொஞ்சம் புது ஈயத்தை உருக்கி விட்டுவிடுவார்கள். பார்க்கப் பளபளக்கும். ஆனால் விரிசலுக்குள் படிந்த ஆக்சைடு அப்படியே உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆறு மாதத்தில் அதே வளையம் திரும்பும். அவர் பழைய ஈயம் முழுவதையும் பம்பால் உறிஞ்சி எடுத்தார். காலைப் பிளேடால் பளபளக்கும்வரை சுரண்டினார், டிராக்கின் வளையத்தையும் சுத்தம் செய்தார், ஃப்ளக்ஸ் தடவினார். வெள்ளீயம் 63, ஈயம் 37 கலந்த கம்பியைத்தான் வைத்திருப்பார். அந்தக் கலவைக்கு ஒரு குணம்: 183 டிகிரியில் உருகினால் முழுவதும் உருகும், இறுகினால் முழுவதும் ஒரே நேரத்தில் இறுகும். கூழ்போல இருக்கும் நடுநிலை கிடையாது. அதனால் இறுகும்போது கை ஆடி இணைப்பு கெடும் வாய்ப்பு குறைவு. அயர்னின் முனையைக் காலும் டிராக்கும் சேரும் மூலையில் வைத்தார், எதிர்ப்பக்கம் கம்பியைத் தொட்டார். ஈயம் தானாக ஓடிக் காலைச் சுற்றி ஏறி, மலை அடிவாரம் போல உள்வளைவாக நின்றது. குவியலாக இல்லை. மூன்று நொடி இருக்கும். பக்கத்தில் இருந்த மற்ற இரண்டு பெரிய கால்களுக்கும் இதையே செய்தார். அவையும் அதே முறுக்கைப் பட்டவைதானே. பிறகு வண்டியில் திரும்ப மாட்டும்போது ரிமோட் ஒயரைக் கொஞ்சம் தளர்வாக வளைத்து, ஆம்ப்பின் உடம்போடு ஒரு டேக்கால் கட்டினார். இனி அதன் கனம் டெர்மினலில் தொங்காது.

விளக்கு எரிந்தது. நான் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை.

"எரியறது எல்லாருக்கும் தெரியுமுங்க. அணையுதான்னு பாக்கணும்."

மறுபடி சிரிஞ்ச். அதே இடத்தில் ஒரு சொட்டு, இரண்டு, ஐந்து. ஊதி ஊதி ஓரத்தில் ஈரம் பனித்தது. எரிந்தது. மூங்கில் குச்சி, முதலில் லேசாக, பிறகு நான் முகம் சுளிக்கும் அளவுக்குப் பலமாக. எரிந்தது. செட்டை அணைத்து அணைத்துப் போட்டார்; பத்துத் தடவை இருக்கும். தான் சரிசெய்ததைத் தானே தோற்கடிக்க அவர் காட்டிய பிடிவாதம், சரிசெய்ததில் காட்டியதைவிடக் கொஞ்சமும் குறைவில்லை. நான் இந்தத் தொழிலில் ரசிப்பதற்கு ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இந்தக் கால் மணி நேரத்தைத்தான் சொல்வேன். அந்த இரண்டு கடைகளிலும் கிடைக்காமல் போனது இது ஒன்றுதான். கருவிகள் அங்கேயும் இருந்தன.

அதற்குப் பிறகும் அவர் மீட்டர்களைக் கழற்றவில்லை. ஆம்ப்பைச் சீட்டுக்கு அடியில் மாட்டி, பழையபடி கிளிப்புகளைப் பிடித்து, அட்டையை டேஷ்போர்டில் வைத்தார். "இன்னும் மூணு காலைல பாருங்க. வெயில்ல நல்லாருக்கறது கணக்கில்ல."

மூன்று காலையும் ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். மூன்றாம் நாள் பனி இன்னும் கனமாக இருந்தது. சாவியைத் திருப்பினேன், அரை நொடி கழித்து, டிக்கியிலிருக்கும் ஊஃபரில் அந்த மெல்லிய 'தப்'. சீட்டுக்கு அடியில் நீல விளக்கு. இளையராஜாவின் பழைய பாட்டு ஒன்று பாதியிலிருந்து தொடங்கியது. குரலுக்கு அடியில் தனியாக ஒரு வழி பிடித்துப் போகும் அந்த பேஸ் கிட்டார், மூன்று மாதக் காலைகளில் எனக்குக் கிடைக்காமல் போனது, சீட்டின் முதுகு வழியாக ஏறி வந்தது. பாட்டு முடியும்வரை இருந்து, போட்டோ எடுத்து அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. "சரிங்க. மீட்டரக் கொண்டாந்து குடுங்க, இன்னொரு வண்டி நிக்குது."